டீப்பாயில் காபியை எங்கே வைப்பது?

டீப்பாய் என்ற சொல்லுக்கும் தேநீருக்கும் பிறப்பில் உறவு கிடையாது. மூன்று கால் கொண்டது என்று பொருள்படும் ‘திபாயி’ என்ற இந்திச் சொல் ஆங்கிலேயரின் வாயில் புகுந்து, அங்கே தேநீரின் வாசனை ஏறி, பிறகு நம் கூடங்களுக்கு வந்து சேர்ந்தது. பெயர் தவறாகப் போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதன் மேல் நாம் முதலில் வைப்பது டம்ளரைத்தான். பிறகு செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, சாவிக்கொத்து, பிரிக்காத தபால், யாரோ பாதி தின்று வைத்த முறுக்கு என்று ஒவ்வொன்றாக வந்து குவிகின்றன. இந்த டீப்பாயையே கணினியாக மாற்றி வீட்டுக் கூடத்தின் நடுவில் போட்டுவிடலாம் என்று அமெரிக்காவில் சில பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் முயன்றன. அந்தத் தொடுதிரை மேசைகளைப் பார்த்த சாதாரண மக்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். அப்போது அசட்டுக் கேள்விகள் என்று ஒதுக்கப்பட்டவற்றில்தான் விஷயம் இருந்தது என்பது என் எண்ணம்.

2007 மே மாத இறுதியில், கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் நடந்த மாநாடு ஒன்றில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் ‘சர்ஃபேஸ்’ என்ற மேசையை அறிமுகப்படுத்தினார். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் மடிக்கணினியும் கைக்கணினியும்தான் நினைவுக்கு வரும், ஆனால் அன்று சர்ஃபேஸ் என்றால் 30 அங்குலத் திரையை முகத்தில் பதித்த, 22 அங்குல உயரமுள்ள ஒரு பெட்டி மேசை. இதன் யோசனை 2001இல் ஸ்டீவன் பதீஷ், ஆண்டி வில்சன் என்ற இருவரிடம் தோன்றியது. தொடக்க மாதிரி ஒன்றை ஐகியா கடையின் மலிவான மேசையில் ஓட்டை போட்டு, அதன் மேல் வரைபடத் தாளை விரித்துச் செய்திருந்தார்கள். விற்பனைக்கு வந்த மேசைக்குள் ஒரு படவீழ்த்தியும் (புரொஜெக்டர்) ஐந்து அகச்சிவப்புக் கேமராக்களும் விண்டோஸ் விஸ்டா ஓடும் ஒரு கணினியும் அடைந்திருந்தன. படம் கீழிருந்து மேல்நோக்கி விழும். மேலே வைக்கும் விரலும் பொருளும் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்ப, அதைக் கேமராக்கள் கண்டுகொள்ளும். சுருங்கச் சொன்னால், அது தொடுகையை உணரும் மேசை அல்ல, கீழிருந்து நம்மை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் மேசை.

முதல் எதிர்வினை வியப்புதான், அதில் பொய்யும் இல்லை. வைஃபை வசதி கொண்ட ஒரு கேமராவை மேசை மேல் வைத்தவுடன் அதிலிருந்த புகைப்படங்கள் சீட்டுக்கட்டைக் கவிழ்த்ததுபோல் சுற்றிலும் சிதறி விழுந்தன. ஒருவர் அவற்றில் ஒன்றை விரலால் தள்ளினால், எதிரே இருப்பவர் அதைத் திருப்பிப் பார்த்து, இரண்டு விரல்களை விரித்துப் பெரிதாக்கினார். ஐஃபோன் அந்த ஜனவரியில் அறிவிக்கப்பட்டிருந்தாலும் ஜூன் 29 அன்றுதான் கடைக்கு வந்தது. ஆகவே இரு விரல்களால் படத்தை இழுப்பது பெரும்பாலானோர் கைக்கு இன்னும் பழகாத காரியம். நேரில் பார்த்தவர்கள் குழந்தைகளைப்போல மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்த வியப்பு ஆறுவதற்குள் கேள்விகள் வந்துவிட்டன. காபியை எங்கே வைப்பது? காலை எங்கே நீட்டுவது? குழந்தை ஜாம் கையோடு வந்தால் என்ன ஆகும்? விண்டோஸ் செயலிழந்து அதன் வழக்கமான நீலத்திரையைக் காட்டினால் மேசை முழுவதும் நீலமாகிவிடுமா? 5,000 முதல் 10,000 டாலர் வரை என்று சொல்லப்பட்ட விலைக்கு யார் வாங்குவார்கள்? (பிறகு விற்பனைக்கு வந்தபோது அது 12,500 டாலரில் நின்றது.) நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்கு வேறு குரல் கொடுத்து, ‘எதிர்காலக் கணினி என்பது ஒரு மாபெரும் மேசை’ என்ற ரீதியில் கேலி செய்த ஒரு காணொளி, மூலப் படத்துக்கு இணையாகவே கைமாறிப் பரவியது. கணினி சட்டைப்பைக்குள் நுழையத் தொடங்கிய அதே ஆண்டில், இவர்கள் அதை இரண்டு ஆள் சேர்ந்து நகர்த்த வேண்டிய தட்டுமுட்டுச் சாமானாக மாற்றியிருக்கிறார்களே என்பதுதான் அந்தச் சிரிப்பின் உட்கருத்து.

இந்தக் கேள்விகளுக்கு நிறுவனத்தின் தரப்பில் பதில் இல்லாமல் இல்லை. மேற்பரப்பு உறுதியானது, பானம் சிந்தினாலும் துடைத்துக்கொள்ளலாம், விலை இறங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வீடுகளுக்கு ஏற்ற மேசை வரும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. ஆனால் காபியை எங்கே வைப்பது என்று கேட்டவர், கண்ணாடி தாங்குமா என்று கேட்கவில்லை. மேசை என்பது மேலே எதையாவது வைத்து மூடுவதற்காகவே இருக்கும் பொருள், திரை என்பது மூடாமல் இருந்தால் மட்டுமே பயன்படும் பொருள், இரண்டையும் ஒன்றாக்கினால் தினமும் எதையாவது எடுத்து ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமே என்பதுதான் அவர் கேட்டது. விளக்கக் காட்சிகளில் மேசை மேல் இருந்தவை காட்சிக்குத் தேவையான ஒரு கேமராவும் ஒரு கோப்பையும் மட்டுமே. குடும்பம் நடக்கும் எந்த வீட்டிலும் அப்படி ஒரு டீப்பாயை நான் கண்டதில்லை. காலை நீட்டுவது பற்றிய கேள்வியும் அப்படித்தான். படவீழ்த்திக்குத் தூரம் தேவைப்பட்டதால் மேசையின் அடிப்பகுதி முழுவதும் அடைத்த பெட்டியாக இருந்தது. அதன் முன் சோபாவில் உட்காருபவர் முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து குனிய வேண்டும்.

2008 ஏப்ரலில் ஏ.டி. அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் நியூயார்க், அட்லாண்டா, சான் அன்டோனியோ, சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களின் சில கடைகளில் இந்த மேசைகளைப் போட்டது. இரண்டு கைபேசிகளை அருகருகே வைத்தால் அவற்றின் விவரங்கள் ஒப்பிட்டுக் காட்டப்படும். பொருளின் அடியில் ஒட்டிய, புள்ளிகள் கொண்ட சிறு சீட்டை மேசை படித்து அது எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ளும். அப்படி 256 வகைச் சீட்டுகளை அதனால் பிரித்தறிய முடிந்தது. அந்தக் கோடையில் அலுவல் காரணமாகச் சான் பிரான்சிஸ்கோ போயிருந்தபோது நான் அதைப் பார்த்தேன்.

யாரும் தொடாதபோது திரையில் தெளிந்த குளத்து நீர் அசைந்துகொண்டிருக்கும், தொட்டால் அலை வட்டம் விரியும். எனக்கு முன் வந்த ஒரு வயதான அம்மையார் அந்த நீரைக் கவனிக்கவே இல்லை. பணப்பையில் எதையோ தேடுவதற்காக, மேசையைக் கண்ட எந்த மனிதரும் செய்வதைப்போலத் தன் கைப்பையை அதன் மேல் வைத்தார். பையைச் சுற்றி நீரில் வளையங்கள் எழுந்தன. அவர் திடுக்கிட்டுப் பையைத் தூக்கினார், ஈரமாகிவிட்டதோ என்று அதன் அடிப்பாகத்தைத் தடவியும் பார்த்தார். பக்கத்தில் இருந்த கணவர் சிரித்துவிட்டு, இரு கைகளின் பத்து விரல்களையும் வைத்து அலை எழுப்பத் தொடங்கினார். அவர்கள் சுமார் மூன்று நிமிடம் அங்கே இருந்தார்கள். நானும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தேன், அதற்குள் பிடரி வலித்தது. வீட்டில் வைத்துக்கொண்டால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்ற எண்ணம்தான் வந்தது.

அந்த மேசை போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்தால் மக்களின் தீர்ப்பு விளங்கும். லாஸ் வேகாஸின் ரியோ சூதாட்ட விடுதியில் மது அருந்துமிடத்தில் வைத்தார்கள். அங்கே பானம் வரவழைப்பதோடு, அடுத்த மேசைக்காரரோடு சரசமாடவும் அதில் வசதி இருந்தது. ஷெரட்டன் விடுதிகளின் முகப்பறையில் வைத்தார்கள். அந்த ஆண்டின் அமெரிக்கத் தேர்தலின்போது எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சி தன் நிலையத்தில் வைத்தது. டிஸ்னிலாந்தின் ‘எதிர்கால வீடு’ கண்காட்சியிலும் இடம்பெற்றது, அது மட்டுமே வீடு என்று சொல்லத்தக்க இடம், அங்கேயும் யாரும் குடியிருக்கவில்லை. இவை எல்லாம் நின்றுகொண்டு பார்த்துவிட்டு நகரும் இடங்கள். பொருள்கள் குவியாத இடங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கும் இடங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அகச்சிவப்பை நம்பியிருக்கும் மேசைக்கு ஜன்னல் வழியே வரும் வெயில் ஆகாது. மல்லாந்து கிடக்கும் எந்தத் திரையும் கூரையில் எரியும் விளக்கை அப்படியே முகத்தில் காட்டும் என்பது வேறு.

2011 ஜனவரியில் சாம்சங்கோடு சேர்ந்து இரண்டாவது தலைமுறை மேசையை அறிவித்தார்கள். 40 அங்குலம், நான்கு அங்குலத் தடிமன், ஒவ்வொரு படப்புள்ளியோடும் உணரும் திறனைச் சேர்க்கும் ‘பிக்சல்சென்ஸ்’ நுட்பம். கால் நீட்டும் சிக்கல் தீர்ந்தது. விலை அமெரிக்காவில் 8,400 டாலராக இருந்ததால் வீட்டுச் சிக்கல் தீரவில்லை. 2012 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் கைக்கணினிக்கு சர்ஃபேஸ் என்ற பெயரைச் சூட்டியபோது, மேசைக்கு அந்த நுட்பத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பெயர் வேண்டுமென்று பாட்டியிடமிருந்து பிடுங்கிக் கொடுத்த கதை.

வீட்டுக்கென்றே வந்தவை அதற்குப் பிறகு வந்தன. விண்டோஸ் 8 வெளியான 2012இன் இறுதியில் சோனியின் 20 அங்குல ‘வயோ டேப் 20’ வந்தது. 2013 ஜனவரியில் லெனோவோ, ‘ஐடியாசென்டர் ஹொரைசன்’ என்ற 27 அங்குலக் கணினியை ‘மேசைக் கணினி’ என்ற புதிய வகையாகவே அறிவித்தது. விலை 1,699 டாலர். நிமிர்த்தி வைத்தால் சாதாரணக் கணினி, படுக்க வைத்தால் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் பலகை. கூடவே கையால் உருட்டும் மின்பகடையும், திரை மேல் வைத்து ஆட்டும் கைப்பிடிகளும், ஏர் ஹாக்கி அடிக்கும் தட்டிகளும் இருந்தன. எடை 8 கிலோவுக்கு மேல், பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம். குடும்பமே திரைக்கு ஒருவராகப் பிரிந்து உட்காருகிறது, எல்லோரையும் ஒரே திரையைச் சுற்றிக் கூட்டுவோம் என்பதுதான் விற்பவர்கள் சொன்ன காரணம். இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் நண்பன் 2014இல் இந்த வகைக் கணினி ஒன்றை வாங்கினான். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. அந்த நவம்பரில் நான் அவன் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். ஒன்பது வயதும் ஆறு வயதுமாக இரண்டு பிள்ளைகள். முதல் மாலை ஏர் ஹாக்கி ஆடினோம். தட்டி கண்ணாடியில் உரசும் சத்தமும், பிள்ளைகள் மேசையைச் சுற்றி ஓடியதும், சின்னவள் ஆட்ட ஆவேசத்தில் முழங்கையையும் ஊன்றிவிட, அதையும் ஒரு விரல் என்று எண்ணிக்கொண்டு கணினி குழம்பியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பகடை வைத்து ஆடும் ஆட்டமும் சுவையாகவே இருந்தது. சீட்டாட்டம் மட்டும் சரிப்படவில்லை, ஏனெனில் கையில் மறைத்து வைத்திருக்க வேண்டிய சீட்டை நடுவீதியில் விரித்துவைத்து ஆட யாருக்கும் மனமில்லை. பொதுவாகப் படுத்த திரைக்கு இந்தக் குறை உண்டு. ஒருவர் மின்னஞ்சலைத் திறந்தாலும், வங்கிக் கணக்கைப் பார்த்தாலும் அது கூடத்தில் இருக்கும் அத்தனை பேருடையது. எழுத்தும் ஒருவருக்கு நேராக இருந்தால் எதிரே இருப்பவருக்குத் தலைகீழ்.

மறுநாள் காலை, ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த நண்பனின் அம்மா கூடத்துக்கு வந்தார். முந்தைய இரவு எழுந்து போன நிலையிலேயே கணினி கிடந்தது. அவர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, “ஏன்டா, டீவியை எதுக்குப் படுக்கப் போட்டு வெச்சிருக்கே?” என்று கேட்டார். பிறகு, புதுப் பொருளாயிற்றே, கறை படக்கூடாது என்ற அக்கறையோடு, நேற்றைய செய்தித்தாளை எடுத்து இரண்டாக மடித்துக் கண்ணாடி மேல் விரித்து, அதன் மேல் காபி டம்ளரை வைத்து எங்களைக் கூப்பிட்டார். 27 அங்குலத் திரையில் இருபது அங்குலம் செய்தித்தாளால் மூடப்பட்டிருந்தது. குடித்து முடித்ததும் ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தார். கணினி உறக்கத்திலிருந்து விழித்துக்கொண்டது. துணி போகும் வழியெல்லாம் புகைப்படங்கள் வழுக்கி ஓடின, ஒரு படம் பெரிதாகித் திரையை அடைத்தது, எங்கிருந்தோ ஒரு பாட்டு தொடங்கியது. அம்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டடி பின்வாங்கி, “நான் ஒண்ணும் பண்ணலைப்பா, தொடைச்சேன், அவ்வளவுதான்” என்றார். நண்பன் சிரித்தான், ஆனால் அன்று மாலையே அதை நிமிர்த்திச் சுவரோரம் வைத்துவிட்டான்.

இதை மூதாட்டி ஒருவரின் அறியாமையாக எடுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மாசசூசெட்ஸில் இருந்த மிட்சுபிஷி ஆய்வுக்கூடத்தில், தங்களுடைய தொடுமேசையையே ஒருவர் ஓராண்டுக்கும் மேலாக அன்றாட அலுவலகக் கணினியாகப் பயன்படுத்திய அனுபவத்தை 2007இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆர்வமும் பயிற்சியும் உள்ள அந்த ஆளும் மேசையைச் சமமாக வைத்துக்கொள்ளவில்லை, வரைபடப் பலகையைப்போலச் சாய்த்து வைத்துத்தான் வேலை செய்தார். மைக்ரோசாஃப்ட்டே 2012இல் பெரிய தொடுசுவர்கள் செய்துவந்த ஜெஃப் ஹானின் நிறுவனத்தை வாங்கி, 2015இல் கூட்ட அறைச் சுவரில் மாட்டும் ‘சர்ஃபேஸ் ஹப்’பை அறிவித்தது. 2016இல் வந்த ‘சர்ஃபேஸ் ஸ்டூடியோ’வின் 28 அங்குலத் திரை கிட்டத்தட்டப் படுத்தாலும், 20 பாகைச் சாய்வில் நின்றுவிடுகிறது. அந்தச் சாய்வில் டம்ளரை வைத்தால் சறுக்கிவிடும் என்பதால் யாரும் வைக்கத் துணிய மாட்டார்கள். நண்பனின் அம்மா ஒரு காலையில் செய்த திருத்தத்தை ஆய்வாளர்களும் பொறியாளர்களும் தம் வழியில் வந்து செய்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கூட்டம் மட்டும் இந்த மேசைகளை விடாமல் விரும்பியது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பலகை ஆட்டக்காரர்கள் தொடக்கம் முதலே இதன் பக்கம்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் முதல் சர்ஃபேஸ் மேசையில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை அமைத்துக் காட்டியபோது, அதுவரை விலையைச் சொல்லிச் சிரித்தவர்கள்கூட எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். 2020இல் ஆர்கேட்1அப் நிறுவனம் ‘இன்ஃபினிட்டி கேம் டேபிள்’ என்ற பெயரில் 24 அங்குலத்திலும் 32 அங்குலத்திலும் ஆட்டத்துக்கென்றே மேசை செய்வதாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டியபோது, வாங்க ஆள் இருந்தார்கள். மோனோபோலியும், நம்முடைய பாம்பும் ஏணியும் அமெரிக்கா போய்ப் பாம்புக்குப் பதில் சறுக்குமரம் ஆகிவிட்ட வடிவமும் அதில் உண்டு. ஆட்டக்காரர்களுக்கு இது ஏன் ஒத்துப்போகிறது என்றால், ஆட உட்காரும் முன் மேசையை ஒழித்து வைப்பது அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். ஆட்டம் நடக்கும்போது டம்ளரை ஓரத்தில் அல்லது தரையில் வைக்கவும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேரம் ஆடிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பலகையைக் கீழே இறக்கி, பவுடர் தூவி, ஆடி முடித்து, துடைத்து, மறுபடியும் சுவரில் சாத்தி வைப்போம். கேரம் பலகை நாள் முழுவதும் கூடத்தில் படுத்துக் கிடந்தால் எந்த அம்மாவும் பொறுக்க மாட்டார், அதன் மேல் காய்கறி நறுக்கத் தொடங்கிவிடுவார்.

நண்பனின் வீட்டுக்கு அதன் பிறகு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அந்தக் கணினி பெரியவனின் படிப்பு மேசையில் நிமிர்ந்து நின்று வீட்டுப்பாடம் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியாகப் போனபோது அது அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், எடிசன் ஊரில் வாங்கிய கேரம் பலகைக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பேட்டரி உப்பிவிட்டது, இனி மின்வடம் செருகினால்தான் ஓடும் என்றான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு கைபேசி. இரவு சாப்பாட்டுக்குப் பின் கேரம் பலகையை எடுக்கலாம் என்று சொன்னவள் சின்னவள்தான். மரத்தாலான பழைய டீப்பாயின் மேல் கிடந்த செய்தித்தாள், மாத்திரை டப்பா, இரண்டு டம்ளர், யாருடையதோ தெரியாத கைபேசி எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் பலகையை அதன் மேல் இறக்கினோம்.